வெள்ளை நாடா இல்லாத பை

எங்கள் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தத் துணியைப் பார்த்தாலும் கை மடிக்கப் போய்விடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் மடியில் ஒரு துண்டு தாறுமாறாகக் கிடந்தால்கூட, எடுத்து நாலாக மடித்துக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. அந்த வியாதி முற்றிப்போனவள் என் எதிர்வீட்டுக்காரி. பெற்றவர்கள் அவளுக்கு ஆசையாக ஒரு பேர் வைத்திருந்தார்கள். அது சம்பளக் கவரில் மட்டும் இருந்தது. சூப்பர்வைசரிலிருந்து டீக்கடைக்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் மடிப்புதான். மடிப்பு வந்தாச்சா, மடிப்புகிட்டக் கேளு என்பார்கள். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

எனக்குப் பேய், பிசாசு, செய்வினை எதிலும் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் யாரும், இவளே ஒரு பயந்தாங்கொள்ளி, இவள் சொல்வதைப் போய் எப்படி நம்புவது என்று கேட்கக்கூடாது பாருங்கள்.

கம்பெனிச் சுவருக்குப் பின்பக்கம் எங்கள் சந்து. இரண்டு பக்கமும் வரிசை வீடுகள். வீடு என்றால் ஓர் அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். எதிர் எதிர் வாசல் என்பதால் அவள் வீட்டில் யார் தும்மினாலும் என் வீட்டில் கேட்கும். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. வீட்டுக்காரர் இன்னொருத்தியோடு போய் வெகு காலமாகிறது. அது வேற கதை, விடுங்கள். அவள் பிள்ளைகள் இரண்டும் என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு என் வீட்டில்தான் பாதி நேரம் கிடக்கும். மூத்தவளுக்கு அப்போது பத்து வயது, இளையவளுக்கு ஐந்து. பெரியவள், சின்னவள் என்றே சந்து முழுக்கப் பேர். புருஷன் கம்பெனி வேன் ஓட்டினார். வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி ஒரு மனிதர். நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்கு 'உம்' வரும்.

ஊருக்குப் போகப் பை அடுக்குவது என்றால் மடிப்புக்குக் கொண்டாட்டம். மற்றவர்கள் போலத் துணியைத் தட்டையாக மடித்து அடுக்க மாட்டாள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் ஒரே சுருள். சட்டையை விரித்து, அதன் மேல் பேண்டை மடித்துப் போட்டு, உள்ளாடையும் கைக்குட்டையும் நடுவில் வைத்து, கீழேயிருந்து பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டுவாள். அப்புறம் நாடா. கம்பெனியில் வெட்டிப் போடும் துணிக் கரையைக் கிழித்துத்தான் நாடா. புருஷனுக்கு நீலம், பெரியவளுக்குப் பச்சை, சின்னவளுக்கு மஞ்சள், தனக்கு வெள்ளை. டசன் டசனாகத் துணி கட்டும்போது நாங்கள் போடுகிற முடிச்சையே அதற்கும் போடுவாள். ஒத்தை இழுப்பு என்று அதற்குப் பேர். ஒரு முனையை இழுத்தால் பொலபொலவென்று அவிழும், மற்ற முனையை இழுத்தால் உயிர் போனாலும் அவிழாது.

கைப்பை தனி. அதில் டிக்கெட், தைலம், ஊசிநூல், சீப்பு, சின்னவள் பஸ்ஸில் வாந்தி எடுப்பாள் என்று நாலு பிளாஸ்டிக் கவர். எது எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே கையை விட்டு எடுப்பாள். நான் என் பையில் சாவியைத் தேடி மொத்தத்தையும் தரையில் கொட்டுகிறவள். அவளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அப்படிப்பட்டவள் வெளிநாடு போகக் கிளம்பினாள். அங்கே ஏதோ பெரிய ஹோட்டலில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. இரண்டு வருஷம், நடுவில் லீவு கிடையாது. கம்பெனியில் அப்போது ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள், யார் தலை எப்போது உருளும் என்று தெரியாது. ஏஜெண்ட் வந்து கேட்டதும் சரி என்றுவிட்டாள். புருஷன் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படியடி இருப்பாய் என்று நான்தான் கத்தினேன். இரண்டு வருஷம்தானே அக்கா, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்றாள். சொல்லிவிட்டு அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் நாத்தனாரைப் பார்த்து, பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வரலாம் என்று நாலு பேரும் போனார்கள். அரை நாள் பஸ் பயணம். வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. அவர்கள் திரும்புகிற அன்று குழாயில் தண்ணீர் பிடித்து வைத்து, சோறு வடித்து, முட்டையும் வெங்காயமும் வதக்கி மூடி வைத்தேன். மத்தியானம் வந்து சேர்ந்தார்கள். சின்னவள் வழக்கம்போல வாந்தி எடுத்து வாடிப்போயிருந்தாள். மடிப்பு நின்றுகொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, கையைத் துடைத்துவிட்டு, பையைக் கட்டில் மேல் தூக்கி வைத்தாள். கறுப்புப் பை, பக்கவாட்டில் ஜிப். இரண்டு பேரில் ஒருத்தர் வீட்டில் இருக்கும் பை. அழுக்குத் துணியோடு ஊர் திரும்பினால் அவளுக்கு ஆகாது. நாத்தனார் வீட்டிலேயே துவைத்து, காயவைத்து, சுருட்டிக் கட்டிக்கொண்டுதான் வருவாள்.

ஜிப்பைத் திறந்தாள். நீலம், பச்சை, மஞ்சள். மூன்று சுருள்.

அவளுடையதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாளா என்று புருஷன் கேட்டார். அவரே வாயைத் திறந்து கேட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இல்லை, தன்னுடையதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே வைத்ததாகச் சொல்லிக்கொண்டே மஞ்சள் நாடாவை இழுத்தாள். உள்ளே ஒரு கவுன். கழுத்தில் சின்னப் பூ வேலை செய்த நல்ல கவுன்தான். ஆனால் சின்னவளிடம் அப்படி ஒன்று கிடையவே கிடையாது.

"இது நம்ம பை இல்லங்க" என்றாள்.

பஸ்ஸில் மாறியிருக்கும், அதற்கென்ன, போய் மாற்றிக்கொண்டு வந்தால் போச்சு என்றேன். அவள் காதில் விழவில்லை. கவுனைச் சின்னவள் மேல் வைத்துப் பார்த்தாள். அது கணுக்காலைத் தொட்டது. எட்டு வயது அளவு என்றாள். அளவு விஷயத்தில் மடிப்பு தப்புச் சொல்ல மாட்டாள். லேபிள் இல்லாத துணியை எங்கள் செக்‌ஷனில் அவளிடம்தான் நீட்டுவோம். பச்சைச் சுருளை அவிழ்க்காமல் ஓரத்தை மட்டும் விரித்து, இது பதின்மூன்று வயதுப் பிள்ளையுடையது என்றாள். நீலத்தில் இருந்த சட்டையை எடுத்துப் புருஷன் முதுகில் வைத்தாள். தோளுக்குத் தோள் சரியாக இருந்தது. சட்டைப் பையின் அடியில் பேனா மை ஊறிய கறை. அவர் பேனாவும் எப்போதும் ஒழுகும். எல்லாச் சட்டையிலும் அதே இடத்தில் அதே கறை.

"ஊர்ல பேனா வச்சிருக்கிற ஆம்பளை உன் புருஷன் ஒருத்தர்தானா?" என்று நான் சிரித்தேன். "பேண்டு இடுப்பைப் பாரு, பின்னாடி பிடிச்சுத் தச்சிருக்கு. உன் வீட்டுக்காரர் தொப்பைக்கு அது ஏறுமா?"

"இளைச்சா ஏறும்" என்றாள்.

அந்தப் பதிலை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வெயிலில் வந்த களைப்பு, கொஞ்சம் படு என்று அதட்டினேன். அவள் பச்சைச் சுருளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒத்தை இழுப்பு முடிச்சேதான். அதிலும் எனக்கு ஆச்சரியம் இல்லை. எங்கள் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுப் போன பெண்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், அவர்களில் ஒருத்தி வீட்டுப் பையாக இருக்கும் என்றேன். உடனே அவள் பெரியவளைக் கூப்பிட்டு, ஒரு துண்டைக் கையில் கொடுத்து, சுருட்டிக் கட்டு பார்க்கலாம் என்றாள்.

பெரியவள் இடதுகைக்காரி. எழுதுவதும் இடதுகையில், பந்து எறிவதும் இடதுகையில். அம்மா கட்டுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தாள். ஆனால் கண்ணாடியில் பார்த்த மாதிரி எல்லாம் தலைகீழாக வரும். நாங்கள் போட்டால் இழுக்கிற முனை வலதுபக்கம் தொங்கும், இவள் போட்டால் இடதுபக்கம். கட்டி முடித்து நீட்டினாள். மடிப்பு அதை வாங்கிப் பச்சைச் சுருளுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் முனை இடதுபக்கம். முனையை ஒரு தடவை முறுக்கிச் செருகுகிற பழக்கம் பெரியவளுக்கு மட்டும்தான் உண்டு. அந்தச் செருகலும் இரண்டிலும் இருந்தது.

எனக்கு உள்ளங்கை சில்லிட்டது. நம்பிக்கை கிடையாது என்று சொன்னேனே, அது வேறு. சில்லிட்டது நிஜம்.

சாயங்காலமே பஸ் ஆபீசுக்குப் போனோம். நானும் கூடப் போனேன், வீட்டில் இருக்க முடியவில்லை. அந்த பஸ் கண்டக்டரும் அங்கேதான் இருந்தார். எங்கள் ஸ்டாப்பில் இறங்கியது அந்த ஒரே பைதான், மற்ற பையெல்லாம் அவரவர் கையில் கொடுத்தாயிற்று, பை காணோம் என்று இதுவரை ஒருத்தரும் வரவில்லை என்றார். அப்படியானால் எங்கள் பை எங்கே என்று நான் சண்டைக்குப் போனேன். நீங்கள் ஏற்றியதும் ஒரு பை, இறக்கியதும் ஒரு பை, அப்புறம் என்னம்மா சண்டை என்றார். யாராவது தேடி வந்தால் சொல்லி அனுப்புவதாக விலாசத்தைக் கேட்டுக்கொண்டார். யாரும் வரவில்லை. வெள்ளை நாடாவோடு போன பை போனதுதான்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டிலுக்கு அடியில் கிடந்த பையைப் புருஷன் இழுத்துத் திறந்து பார்த்தார். துணியைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல துணி. வச்சிருந்தா வளந்து போட்டுக்குவாங்க" என்று பெரியவளிடம் சொன்னார். "எடுத்து வை."

பெரியவளும் சமர்த்தாக உட்கார்ந்து, கவுனையும் சட்டையையும் சுருட்டி, நாடா சுற்றி, இடதுகையால் முடிச்சுப் போட்டு ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள். மூன்று சுருள். நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். மடிப்பு சமையலறைக் கதவில் சாய்ந்து மகள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகிய வாடை எனக்கு வந்துவிட்டது, அவளுக்கு வரவில்லை.

மறுநாள் குழாயடியில் வைத்து என்னிடம் சொன்னாள்.

"ரெண்டு வருஷத்துல நான் வந்திருக்கணும்லக்கா. அந்தக் கவுனு சின்னவளுக்குச் சரியா வரும்போது அவளுக்கு எட்டு வயசு. நான் வந்திருந்தா பையில வெள்ளை இருக்கும். முடிச்சும் நான் போட்டதா இருக்கும்."

"அடி போடி. பஸ்ல பை மாறிப் போச்சு, அதுக்கு இத்தனை ஜோசியமா?"

"நான் போனா திரும்பி வரமாட்டேன். அதான் அதுல எழுதியிருக்கு."

ஏஜெண்டிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அவன் கத்தினான், வாசலில் வந்து நின்று கத்தினான். நானும் என் பங்குக்குத் திருப்பிக் கத்தி அனுப்பிவைத்தேன். காரணம் பைத்தியக்காரத்தனமாக இருந்தால் என்ன, அவள் போகவில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. புருஷன் அன்று வேலை விட்டு வரும்போது ஒரு தட்டு முட்டை வாங்கி வந்தார். அந்த மனிதருக்குச் சந்தோஷம் என்றால் அப்படித்தான் காட்டத் தெரியும்.

கம்பெனியில் குறைத்தது குறைத்தது போக எங்கள் இருவர் தலையும் தப்பியது. மழைக்காலம் வந்து சந்துக்குள் முழங்கால் தண்ணீர் நின்றது. வெயில் வந்து கூரைத் தகரமெல்லாம் கொதித்தது. மடிப்பு பழையபடி சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

ஒரு நாள் டீக்கடைக்காரர் சின்னவளைப் பார்த்து, பொண்ணு மளமளன்னு வளந்துட்டாளே என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். மடிப்பின் முகம் செத்துப்போயிற்று. சந்துக்குள் நுழையும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போனாத்தானே இல்லாம போவேன்னு நெனச்சேன். இருக்கும்போதேகூட இல்லாம போகலாமேக்கா."

சும்மா கிட என்று சொல்லிவிட்டு வந்தேன். படுத்தால் அதுவே காதில் கேட்டது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. பிள்ளை வளர்வதைப் பார்த்து நடுங்குகிற தாயை நான் அதற்கு முன் கண்டதில்லை. கவுனை எடுத்துச் சின்னவள் மேல் வைத்து வைத்துப் பார்ப்பாள். கணுக்காலுக்கு மேலே ஏறியது. இன்னும் ஏறியது. ஒரு மத்தியானம் நான் போனபோது பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. சின்னவள் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். பானையில் சோறு இருந்தது. போதும், எழுந்திரு என்றாள் மடிப்பு.

எனக்கு வந்த கோபத்தில் அவள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி நானே அள்ளிப் போட்டேன். பிள்ளையைப் பட்டினி போட்டு வளர்த்தியைத் தடுக்கப் பார்க்கிறாயா, நீயெல்லாம் ஒரு தாயா என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவள் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிள்ளைகள் இரண்டும் எச்சில் கையோடு விழித்துக்கொண்டு நின்றன. அதற்குப் பிறகு அவள் பிள்ளைகள் சோற்றைக் குறைப்பதில் கை வைக்கவில்லை, அது வரைக்கும் நல்லது. கவுனில் கை வைத்தாள். கீழ் மடிப்பைப் பிரித்து நீட்டினாள். அடுத்த தடவை அக்குள் தையலைப் பிரித்து விட்டாள். பிரிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனதும் கம்பெனியிலிருந்து துண்டுத் துணி கொண்டுவந்து கீழே ஒட்டுப் போட்டாள். பிள்ளை ஒரு விரல் வளர்ந்தால் கவுன் இரண்டு விரல் வளர்ந்தது. பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, பயமாகவும் இருந்தது.

தூக்கிப் போட்டுத் தொலையேன் என்றேன். போட்டாள். மூன்று தெரு தள்ளி இருக்கிற குப்பைத்தொட்டியில் பையோடு போட்டுவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் தெருக் கூட்டுகிற அம்மா பையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து வாசலில் இறக்கினாள். திறந்து பார்த்தாளாம். இது உங்கள் வீட்டுக் குப்பைக் கவரில் பார்க்கிற இடதுபக்க முடிச்சாச்சே, தெரியாமல் போட்டிருப்பீர்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். மடிப்பு அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். வேறு என்ன செய்வது?

பெரியவள் இதற்குள் நெடுநெடுவென்று வளர்ந்து அம்மா தோளைத் தாண்டிவிட்டாள். புருஷனுக்கு வயிற்றில் ஏதோ புண் வந்து, காரம் புளியைக் குறைத்து, தொப்பை கரைந்தது. பேண்டெல்லாம் இடுப்பில் நிற்கவில்லை. அதை நான் பார்த்தேன். பார்த்ததாக யாரிடமும் சொல்லவில்லை.

பள்ளிக்கூட லீவு விட்ட சமயம், ஒரு காலையில் சின்னவள் அந்தக் கவுனை மாட்டிக்கொண்டு என் வீட்டுக்குள் ஓடி வந்தாள். பெரியம்மா, எப்படி இருக்கு என்று ஒரு சுற்றுச் சுற்றினாள். அவள் அத்தனை விரல் நீட்டியும், ஒட்டுத் துணியோடு சேர்த்து, எங்கும் தொளதொளப்பில்லை, எங்கும் பிடிக்கவில்லை. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. பின்னாலேயே ஓடி வந்த மடிப்பு என் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்று அவள் வேலைக்கு வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அவளே என்னைத் தேடி வந்தாள். முகம் தெளிந்திருந்தது. கண்ணில் ஒரு பளபளப்பு. கதவைச் சாத்திவிட்டு என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, பையில மூணு சுருள் இருந்தா என்ன அர்த்தம்?"

"என்ன அர்த்தம்?"

"மூணு பேர் ஊருக்குப் போறாங்கன்னு அர்த்தம். நாலாவது ஆள் செத்துட்டான்னா அர்த்தம்? நாலாவது ஆளு வீட்ல இருக்கா. வேலை இருக்கு, லீவு கிடைக்கல. அவ்வளவுதான்."

நாத்தனார் பிள்ளைகளை லீவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். மூன்று பேரையும் அனுப்பிவிட்டுத் தான் இங்கேயே இருந்துவிட்டால் பை சொன்னதும் நடந்த மாதிரி ஆகிவிடும், தனக்கும் ஒன்றும் ஆகாது என்றாள். பாவி மகளே, இது உனக்கு இத்தனை வருஷமாகத் தோன்றவில்லையே என்று அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கிய மாதிரிதான் இருந்தது.

பையை அவள் அடுக்கவில்லை. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பெரியவள்தான் எல்லாம் செய்தாள். ஏம்மா நீ கட்ட மாட்டேங்கிறே என்று கேட்டதற்கு, நீ பெரிய மனுஷி ஆயிட்டே, நீயே கட்டு என்றாள். நீலம், பச்சை, மஞ்சள். ஜிப்பை இழுத்து மூடினாள் பெரியவள். கைப்பையில் தைலம், சீப்பு, பிளாஸ்டிக் கவர் எல்லாம் அவளே வைத்தாள். பஸ் கிளம்பும்போது மடிப்பு கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். சின்னவள் அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு போகிறேன் என்று அடம்பிடித்ததையும், அது பையிலேயே இருக்கட்டும், வரும்போது போட்டுக்கோ என்று சமாளித்ததையும் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்த நாலைந்து நாளும் அவளைப் பார்க்கக் கண் கொள்ளவில்லை. வீட்டு ஜன்னலெல்லாம் திறந்து ஒட்டடை அடித்தாள். வயிறு நிறையச் சாப்பிட்டாள். மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கினாள். கம்பெனியில் பாட்டுப் பாடிக்கொண்டே மடித்தாள். சூப்பர்வைசர் என்னிடம் வந்து, மடிப்புக்கு என்ன லாட்டரியா என்று கேட்டார்.

அவர்கள் திரும்புகிற அன்று ஷிப்ட் முடிந்து வந்து, என் வாசலில் உட்கார்ந்து இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். வெயில் தாழ்ந்திருந்தது. வந்ததும் பிள்ளைகள் பசி பசி என்று பறக்கும் என்று சோறு வடித்து வைத்திருந்தாள். இனிமேல் அந்தப் பையை யாருக்காவது கொடுத்துவிடலாம், நாலு பேருக்கும் சேர்த்துப் பெரியதாக ஒன்று வாங்க வேண்டும் என்றாள். பேச்சு அந்தப் பழைய நாளுக்குப் போயிற்று. கண்டக்டர் பின்பக்கக் கதவைத் திறந்து பையைத் தரையில் வைத்து, யாரோடது, யாரோடது என்று கத்தியதை அவரைப் போலவே குரலை மாற்றிச் சொல்லிக் காட்டினாள். நானும் சிரித்தேன்.

"யாரும் வரலக்கா. எறங்குனதே நாங்க மட்டும்தான். சரி, நம்மளோடதுதான்னு தூக்கிட்டு..."

அதோடு நிறுத்திவிட்டாள். டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"என்னடி?"

"பை வந்துச்சு" என்றாள். "அந்த மூணு பேரும் எங்கக்கா?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் பிழைப்பு அப்படி. பெட்டியைப் பிரித்தால் எது குறைகிறது என்றுதான் கண் போகும். ஒரு உருப்படி குறைந்தால் அதைப் பற்றித்தான் கூச்சல். பெட்டி யாருடையது, உடையவன் இல்லாமல் எப்படித் தனியாக வந்தது என்று பார்ப்பது கேட்டில் நிற்கிறவன் வேலை. இத்தனை வருஷமும் நாங்கள் இரண்டு பேரும், இல்லாத வெள்ளைச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தோம். இருந்த மூன்று சுருளுக்கும் உரியவர்கள் பஸ்ஸிலிருந்து ஏன் இறங்கவில்லை என்று ஒருத்தி வாயிலிருந்தும் வரவில்லை.

"நானே அனுப்பி வச்சேனே" என்றாள். "என் கையால ஏத்தி விட்டேனே அக்கா."

செருப்புக்கூடப் போடாமல் தெருமுனைக் கடைக்கு ஓடினாள். நாத்தனார் ஊர்க் கடைக்குப் போன் போட்டு, அவர்கள் ஆளனுப்பி நாத்தனாரைக் கூட்டி வந்து பேசுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மத்தியானமே மூன்று பேரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டதாகவும், பை நிறையத் தின்பண்டம் கொடுத்து அனுப்பியதாகவும், சின்னவள் கடைசிவரை கையை ஆட்டியதாகவும் நாத்தனார் சொன்னாள். எதற்கு இப்படி மூச்சு வாங்குகிறது என்று கேட்டாளாம். மடிப்பு போனை வைத்துவிட்டாள்.

பஸ் ஸ்டாப்புக்கு நானும் பின்னால் ஓடினேன். அங்கே வேலை விட்டு வந்த கூட்டம். ஒருத்தன் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தான். முதலில் வந்த பஸ் வேறு ஊருடையது. அடுத்ததும் அவர்களுடையது இல்லை. வழியில் டயர் கியர் பஞ்சராகியிருக்கும் என்று நான் ஏதேதோ உளறினேன். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைகளில் விளக்குப் போட ஆரம்பித்தார்கள். அந்தப் பிள்ளைகள் இரண்டும் என் மடியில் வளர்ந்தவை.

கடைசியில் அந்த பஸ் வந்தது. தூசியில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் மங்கிக் கிடந்தது, உள்ளே இருக்கிறவர்கள் முகம் தெரியவில்லை. நான் முன்கதவுக்கு ஓடினேன். முதலில் குதித்து இறங்கியது கண்டக்டர்தான். சின்ன வயசுப் பையன், யாரோ புதிது. விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு நேராக பஸ்ஸின் பின்பக்கம் போனான். பை எடுக்கிற கதவின் கொக்கியில் கை வைத்தான்.

அவனுக்கு முன்னால் மடிப்பு அங்கே போய்விட்டாள். இரண்டு கையையும் விரித்து, அந்தக் கதவின் மேல் முதுகை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். அவன் தள்ளிப் போங்கம்மா, பை எறக்கணும், நேரமாச்சு என்றான். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. அவள் நகரவில்லை.

"தொறக்காதப்பா" என்றாள். "மொதல்ல ஆளுங்க எறங்கட்டும்."